பாதி விலைக்கு ஒரு பொறி

மலிவுகண்டார் என்றொரு இனம் இருக்கிறது. இவரைச் சிக்கனக்காரரோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள், சிக்கனக்காரர் கோபித்துக்கொள்வார். சிக்கனக்காரர் தேவையில்லாததை வாங்கமாட்டார். மலிவுகண்டாரோ முதலில் வாங்குவார், பிறகு தேவையைத் தேடுவார், தேவை அகப்படாவிட்டால் ஒன்றை உண்டாக்குவார், அதுவும் கைகூடாவிட்டால் ஒரு விஞ்ஞானத்தைக் கண்டுபிடித்து, தான் வாங்கியதுதான் உலகம் இத்தனை நாளும் வாங்கத் தவறிய பொருள் என்று நிறுவிவிடுவார். ஒரு கடைக்காரர் சாமானைப் பாதி விலைக்குத் தள்ளினால் நீங்களும் நானும் என்ன நினைப்போம்? விலைப்படவில்லை போலிருக்கிறது என்று நினைப்போம். அவர் அப்படி நினைப்பதில்லை. மற்றவர்கள் விழிக்குமுன் தான் விழித்துவிட்டதாக நினைப்பார்.

ஜெர்மனி இவர்களுக்கு நல்ல மேய்ச்சல் நிலம். சனிக்கிழமை காலையில் தபால்பெட்டியைத் திறந்தால் கடைகளின் விளம்பரத்தாள்கள் கொத்தாக விழும். சாதாரண மனிதர் அவற்றைப் பழைய தாள் போடும் நீலத் தொட்டியில் போட்டுவிட்டு மேலே ஏறுவார். மலிவுகண்டார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு, தேநீர் ஆறிப்போவதும் தெரியாமல் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை வாசிப்பார். வேதபுத்தகத்தை அவர் அப்படி வாசித்திருந்தால் இந்நேரம் ஆயராகியிருப்பார்.

ஹனோவருக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் வாழும் வின்சன்ற் இந்த இனத்தின் தேர்ந்த மாதிரி. மன்னாரிலிருந்து வந்து முப்பத்துநாலு வருடம். பொதிசெய்யும் இயந்திரங்கள் தயாரிக்கும் தொழிற்சாலையில் வேலை. மூன்றாம் மாடியில் வீடு. மூன்றாம் மாடியில் இருப்பவருக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் நாற்பது மீற்றர்க் குழாய் எதற்கு என்று கேட்கிறீர்களா? அவர் மனைவி புஷ்பமலரும் கேட்டாள். ஒருமுறை குளிர்காலத்து டயர்கள் நாலு பாதி விலைக்குக் கிடைத்தன. அவை அவருடைய காருக்குப் பொருந்தவில்லை. வேறொருவராயிருந்தால் டயர்களைத் திருப்பிக் கொடுத்திருப்பார். வின்சன்ற் காரை மாற்றினார்.

"எல்லாம் ஒண்டுதான்" என்பது அவருடைய தாரக மந்திரம். சீனத்து உளியும் ஜெர்மன் உளியும் ஒண்டுதான். காலாவதித் திகதிக்கு முதல்நாளும் அடுத்தநாளும் ஒண்டுதான். வைத்தியர் எழுதிக் கொடுத்த மாத்திரை மட்டும் ஒண்டல்ல. அதற்குக் காப்புறுதி பணம் கொடுக்கிறது.

இப்படிப்பட்டவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் அபாரமான ஒழுக்கம் இருந்தது. அது துப்பாக்கி சுடுவது. எதிர்வீட்டுக் கிறிஸ்ரியன், ஓய்வுபெற்ற பூட்டுத் தொழிலாளி, எழுபத்தேழு வயது, பன்னிரண்டு வருடத்துக்கு முன்னர் அவரை ஊர்ச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். நூறு மீற்றர் தூரத்தில் ஒரு தாள், அதிலே வட்டங்கள், நூறு வயதுப் பழைய துப்பாக்கியால் நடுவட்டத்தைத் துளைக்கவேண்டும். அவ்வளவுதான். வின்சன்ற் மயங்கிப்போனார். "துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடி வந்த மனிசன், இஞ்ச வந்து காசு கட்டிச் சுடுறார்" என்று புஷ்பமலர் கோவில் முற்றத்தில் நின்று சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

தோட்டாக்களை அவர்கள் கடையில் வாங்குவதில்லை, தாங்களே செய்வார்கள். அதற்கு ஜெர்மனியில் வகுப்பு, பரீட்சை, அந்திராக் என்கிற விண்ணப்பம், தெர்மீன் என்கிற முன்பதிவு, அதிகாரியின் முத்திரை எல்லாம் வேண்டும். வின்சன்ற் எல்லாவற்றையும் முதல் தடவையிலேயே தாண்டினார். சனிக்கிழமைப் பின்னேரங்களில் கிறிஸ்ரியனின் கராஜில் ஈயத்தை உருக்கி, அச்சில் வார்த்து, தோட்டாவின் நுனியிலிருந்து பறக்கும் சன்னங்கள் செய்வார்கள். ஆறிய ஒவ்வொரு சன்னத்தையும் வின்சன்ற் தராசில் வைப்பார். மற்றவற்றைவிட மயிரிழை கூடினாலோ குறைந்தாலோ, அது மறுபடி உருக்குச் சட்டிக்கே போகும். அந்த நேரத்தில் அவரிடம் போய் "எல்லாம் ஒண்டுதான்" என்று சொல்லிப் பாருங்கள். உங்களையும் சட்டிக்குள் போட்டுவிடுவார்.

இனி, பிரைமர். சுவருக்குப் பூசுகிற பிரைமர் அல்ல. தோட்டாவின் அடியில், சட்டைப் பொத்தானைவிடச் சிறிதாக, ஒரு குட்டி உலோகக் கிண்ணி இருக்கும். துப்பாக்கியின் ஊசி அதைக் குத்தினால் பொறி பறக்கும். பொறி பட்டு வெடிமருந்து எரியும். மருந்து எரிந்து சன்னம் பறக்கும். இதிலே சாதாரணம் என்று ஒரு வகை, மாக்னம் என்று ஒரு வகை. மாக்னம் நிறைய மருந்து அடைக்கும் பெரிய தோட்டாக்களுக்கு. அதன் நெருப்பு பெரிது, சூடு அதிகம். ஈயச் சன்னத்துக்கோ கொஞ்ச மருந்துதான் போடுவார்கள். அதற்குச் சாதாரணமே போதும்.

சில வருடங்களாகச் சாதாரணப் பிரைமருக்குத் தட்டுப்பாடு. கிடைத்தாலும் விலை ஏறிக்கிடந்தது. அப்படியிருக்க, தை மாதத்தில் ஒருநாள் வின்சன்றின் கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்தது: காசல் நகரத்துப் பக்கத்தில் ஒரு கடையை மூடுகிறார்கள், மாக்னம் பிரைமர் பாதி விலை. வின்சன்ற் சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பினார். இரண்டரை மணித்தியாலம் பனியில் காரில் ஓடி, மூவாயிரம் வாங்கிக்கொண்டு வந்தார். ஒருவருக்கு மூவாயிரம் எதற்கு? அங்கேதான் இந்த இனத்தின் பெருந்தன்மை வெளிப்படும். மலிவுகண்டார் ஒருபோதும் தனியே மலிவு காண்பதில்லை.

அணியில் மூன்று பேர்: கிறிஸ்ரியன், வின்சன்ற், பேக்கரியில் வேலைசெய்யும் தபோதரன். பங்குனியில் மாவட்டத்துப் பழைய துப்பாக்கிப் போட்டி. இவர்கள் அணி ஒருநாளும் முதல் மூன்று இடத்துக்குள் வந்ததில்லை. முந்திய வருடம் நாலாவது. இந்த வருடம் எப்படியும் மேடை ஏறிவிடலாம் என்று கிறிஸ்ரியன், வாய்விட்டுச் சொல்லாத மனிதர், கிறிஸ்மஸ் விருந்தில் வாய்விட்டே சொல்லியிருந்தார்.

கராஜ் மேசையில் பெட்டிகளை அடுக்கினார் வின்சன்ற்.

"அண்ணை, பெட்டியில மாக்னம் எண்டெல்லோ கிடக்கு" என்றான் தபோதரன்.

"அது பேர், தம்பி. பேராலயோ நெருப்புப் பத்துது?"

"பெரிய தோட்டாவுக்கு எண்டுதானே அது?"

"நெருப்பில என்ன சாதி இருக்கு, தபோ? நெருப்பு நெருப்புத்தான். எல்லாம் ஒண்டுதான்."

கிறிஸ்ரியன் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஜெர்மன் மொழியில் இவர்கள் ஒருவரை ஒருவர் 'நீ' என்றுதான் அழைப்பார்கள். எழுபத்தேழு வயதுக்காரரை வின்சன்ற் 'நீ' என்று சொன்னதாகத் தமிழில் எழுதக் கை வரவில்லை.

"வின்சன்ற், நான் முப்பது வருடமாக ஒரே பிரைமர்தான் போடுகிறேன். அதை மாற்றினால் மருந்தைக் குறைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். போட்டிக்கு ஏழு கிழமைதான் இருக்கிறது."

"உங்களையும் நினைத்துத்தான் வாங்கினேன். பனியில் இரண்டரை மணித்தியாலம் ஓடினேன்."

வாசகரே, இந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். மலிவுகண்டாரிடம் நியாயம் தீர்ந்துபோகும்போது கிலோமீற்றர் வெளியே வரும். அதற்கு எதிராக எந்த நாகரிகமான மனிதராலும் பேச முடியாது. கிறிஸ்ரியன் நாகரிகமான மனிதர். ஆயிரத்தை வாங்கிக்கொண்டார். தபோதரனும் வாங்கிக்கொண்டான்.

மாசி முழுவதும் பயிற்சி. கிறிஸ்ரியன் மருந்தைக் குறைத்து, பொறுமையாக, படிப்படியாகத் தேடினார். தாளிலே துளைகள் ஒன்றாகக் கூடவில்லை. மழைக்குச் சிதறிய கோழிக்குஞ்சுகள் மாதிரி அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன. குழலுக்குள் ஈயம் ஒட்டியது. தேய்த்துத் தேய்த்துக் கை நொந்தது. தபோதரனுக்கும் அதே கதை. வின்சன்றுக்கும் அதே கதைதான். ஆனால் அவரிடம் காரணம் இருந்தது. முதற்கிழமை வெயில் கண்ணில் குத்தியது. அடுத்த கிழமை வெயில் போதவில்லை. மூன்றாம் கிழமை, பக்கத்தில் சுட்டவர் இருமினார்.

"அண்ணை, பிரைமர்தான் பிழை" என்றான் தபோதரன்.

"அமெரிக்காவில ஒருத்தர் இதே பிரைமரை ஈயத்துக்குப் போட்டு ஒரு காசளவு வட்டத்துக்குள்ள அஞ்சும் அடிச்சிருக்கிறார். இணையத்தில படம் போட்டிருக்கு."

"அவரை ஒருக்கா இஞ்ச வரச்சொல்லுங்கோ."

போட்டிக்கு ஒன்பது நாள் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமைப் பின்னேரம், மைதானத்தில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, சன்னத்தின் வேகத்தை அளக்கும் சங்கத்துக் கருவியை வைத்து வின்சன்ற் பத்துச் சுட்டார். பத்தும் பத்து விதம். ஒத்திகை பார்க்காத பாடற்குழுபோல ஒன்று ஏறியது, ஒன்று இறங்கியது. வின்சன்ற் சுற்றுமுற்றும் பார்த்தார். எண்கள் எழுதிய தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது. வெயிலும் இல்லை, இருமலும் இல்லை.

வீட்டு நிலவறை அலுமாரியைக் கிளறினார். பின்மூலையில், தான் முதன்முதல் பழகியபோது வாங்கிய சாதாரணப் பிரைமர்கள் கொஞ்சம் கிடந்தன. எண்ணினார். அறுபது.

போட்டியில் ஆளுக்கு இருபது சுடவேண்டும். அறுபதை மூன்றால் வகுத்தால் எத்தனை? மலிவுகண்டாருக்குக் கணக்கு நன்றாக வரும். வின்சன்ற் ஒரு கணத்திலே வகுத்துவிட்டார். ஆனால் அந்த இருபதைக் கிறிஸ்ரியனின் கையில் கொடுக்கும்போது ஒரு வசனமும் சேர்த்துக் கொடுக்கவேண்டுமே! 'நான் வாங்கியது பிழை' என்ற வசனம். அது அவர் தொண்டையில் உற்பத்தியாகாத வசனம். பழகிய துவக்குக்குத்தான் பழைய பிரைமர் சரிவரும், அவர்கள் இப்போது புதியதற்குப் பழகிவிட்டார்கள், கடைசி நேரத்தில் மாற்றுவது அவர்களுக்குத்தான் கேடு என்று தன்னைத்தானே சமாதானப்படுத்தினார். விஞ்ஞானம் இப்படித்தான் வளர்கிறது. அன்றிரவே தனக்கு மட்டும், ஒத்திகைக்கு ஐந்து சேர்த்து, இருபத்தைந்து தோட்டாக்கள் செய்தார்.

போட்டியன்று வின்சன்ற் இருநூறுக்கு நூற்றெண்பத்தொன்று. அவர் வாழ்க்கையிலே அதிகம். தபோதரன் நூற்றுமுப்பத்துமூன்று. கிறிஸ்ரியன், வழக்கமாக நூற்றெழுபதுக்குக் கீழே இறங்காத கிறிஸ்ரியன், நூற்றிருபத்தெட்டு. எட்டு அணிகளில் இவர்களுக்கு ஏழாம் இடம்.

சங்கச் செயலாளர் லூக்காஸ் வந்து வின்சன்றின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நூற்றெண்பத்தொன்று! எந்தப் பிரைமர்?"

தபோதரன் பக்கத்திலே நின்றான். கிறிஸ்ரியன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வின்சன்ற் வாயைத் திறந்தார். வாய் தானாகவே பேசியது.

"எங்கள் மூன்று பேருக்கும் ஒரே பிரைமர்தான். மாக்னம்."

கிறிஸ்ரியனின் கை நின்றது. "ஒரே பிரைமர்" என்று மெதுவாகச் சொன்னார். "அப்படியென்றால் கண்தான்."

அவ்வளவுதான் சொன்னார். துணியை மடித்தார், பெட்டியைப் பூட்டினார், விருந்துக்கு நிற்காமல் போய்விட்டார்.

நாலு நாளாக வின்சன்றுக்கு நூற்றெண்பத்தொன்று இனிக்கவில்லை. புதன்கிழமை பின்னேரம் புஷ்பமலர், முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, கிறிஸ்ரியன் துவக்கை விக்கப்போறாராம். அவரின்ர மனிசி ரோட்டில கண்டு சொல்லி அழுதவ. அவருக்குக் கண் தெரியாமப் போட்டுதாம்."

"வயசு போனா அப்பிடித்தானே."

"போன கிழமை எங்கட பல்கனியில நிண்டு, அங்கால சந்தியில திரும்பின பஸ்ஸின்ர நம்பரை வாசிச்சவர். எனக்கு பஸ்ஸே தெரியேல்ல."

வின்சன்ற் கண்ணாடியைத் தேடினார்.

"அந்த மனிசனுக்குச் சனிக்கிழமை வேற என்ன இருக்கு? உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"எனக்கென்ன தெரியும்?" என்றார் வின்சன்ற். விளம்பரத்தாளை எடுத்து விரித்தார். அது தலைகீழாக இருந்தது. புஷ்பமலர் அதைப் பார்த்தாள், குசினிக்குள் போய்விட்டாள்.

அடுத்தநாள் மிச்சமிருந்த முப்பத்தைந்தையும் எடுத்துக்கொண்டு வின்சன்ற் தெருவைக் கடந்தார். மன்னிப்புக் கேட்கும் வசனத்தை நல்ல ஜெர்மனில், வேற்றுமை உருபு பிசகாமல், நாலு தடவை சொல்லிப் பார்த்திருந்தார். மணியை அடித்தார். கதவு திறந்தது. கிறிஸ்ரியன் நின்றார், சவரம் செய்யாத முகத்தோடு. வின்சன்றின் வாயிலிருந்து வந்தது வேறு வசனம்.

"இன்னொரு கடையில் சாதாரணம் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது. உங்களுக்கென்று வாங்கினேன். விற்கிறதுக்கு முதல் ஒருமுறை சுட்டுப் பாருங்களேன்."

பார்த்தீர்களா? மன்னிப்பைக்கூட அந்த மனிதர் பாதி விலைக்குத்தான் எடுத்தார்.

சனிக்கிழமை கிறிஸ்ரியன் தன் பழைய அளவு மருந்தோடு பத்துத் தோட்டா செய்து கொண்டுவந்தார். வின்சன்ற் பின்னால் நின்றார். பத்துச் சுட்டு முடிய, கிறிஸ்ரியன் தொலைநோக்கியில் கண்ணை வைத்து நெடுநேரம் பார்த்தார். ஒன்பது துளைகள் நடுவிலே, ஒரு கோழிமுட்டை மூடும் இடத்துக்குள். ஒன்று மட்டும் கொஞ்சம் விலகியிருந்தது. 

கிறிஸ்ரியன் நிமிர்ந்தார். பிரைமர் இருந்த சின்னத் தட்டைக் கையில் எடுத்தார். அதன் பின்பக்கத்தில் கடைப் பெயரோடு மங்கிய விலைச்சீட்டு ஒன்று ஒட்டியிருந்தது. முழு விலை.

"இந்தக் கடையை மூடி ஒன்பது வருடமாகிறது" என்றார். "எப்போது மலிவு போட்டார்கள்?"

வின்சன்ற் கீழே கிடந்த வெற்றுத் தோட்டாக்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

"போட்டியில் நீ போட்டது இதுதானா?"

ஜெர்மனில் சொல்ல எத்தனையோ சொற்கள் இருந்தன. வந்தது ஒரு சொல்தான், அதுவும் தமிழில்.

"ஓம்."

பன்னிரண்டு வருடப் பழக்கத்தில் கிறிஸ்ரியனுக்கு அந்தச் சொல் விளங்கும். தட்டை மேசையில் வைத்தார். துப்பாக்கியைப் பெட்டியில் வைத்தார். வின்சன்றைப் பார்க்காமலே நடந்து போனார். துப்பாக்கியை அவர் விற்கவில்லை. ஆனால் மூன்று சனிக்கிழமை கராஜ் கதவு பூட்டியே இருந்தது. உள்ளே வெளிச்சம் தெரிந்தது. ஈயம் உருகும் மணம் தெருவைத் தாண்டி வந்தது. வின்சன்ற் பல்கனியில் நின்று அதை மணந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட தபோதரன் கைப்பேசியில் ஒரேயொரு வசனம் அனுப்பினான்: "அண்ணை, எனக்கும் ஒரு இருவது தந்திருக்கலாம்." பதில் எழுத வின்சன்றுக்கு இரண்டு நாள் எடுத்தது. "பிழைதான்" என்று எழுதினார். ஒரு சொல். அதையும் அனுப்பிவிட்டு, அழிக்க முடியுமா என்று பார்த்தார்.

நாலாம் சனிக்கிழமை கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. வின்சன்ற் தெருவைக் கடந்துபோய், வாசலில் நின்றார். "நான் பிழை செய்தேன்" என்றார். வேற்றுமை உருபு பிசகியது. கிறிஸ்ரியன் சட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஈயம் ஆறுகிறது" என்றார். "வந்து அச்சைப் பிடி."

கதை இங்கே முடிந்திருந்தால் வின்சன்ற் திருந்திவிட்டார் என்று நான் எழுதியிருப்பேன். எழுதவும் ஆசைதான். ஆனால் மாக்னம் பிரைமர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சமிருந்தனவே! கிறிஸ்ரியன் எதையும் வீணாக்காத மனிதர். வேறு மருந்து வாங்கினார்கள். குறைந்த அளவிலிருந்து தொடங்கினார்கள். ஈயத்திலே வெள்ளீயம் கூட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அளந்து, சுட்டு, கொப்பியில் குறித்தார்கள். கோடை போயிற்று. புரட்டாதிக் கடைசியில், பாதி விலையில் மிச்சம் பிடித்ததைப்போல மூன்று மடங்குக்கு மருந்து எரித்த பிறகு, மாக்னம் பிரைமரோடும் துளைகள் ஒன்றாகக் கூடின. தேடிக் கண்டுபிடித்தது கிறிஸ்ரியனின் பொறுமை.

அடுத்த கூட்டத்தில் லூக்காஸ் அந்தத் தாளைப் பார்த்து வியந்தார். வின்சன்ற் முன்னால் வந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது.

"நான் தையிலேயே சொன்னேன்" என்றார். "ஒருவரும் கேட்கவில்லை."

தபோதரன் குடித்துக்கொண்டிருந்த பியர் மூக்கால் வந்தது. கிறிஸ்ரியன் வின்சன்றின் தோளில் கை வைத்து, கொஞ்சம் பலமாகவே ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

சிரிக்கிறீர்கள். உங்களுக்கு ஒரு மைத்துனர் ஞாபகம் வந்திருப்பார், அல்லது அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர். வரட்டும். ஒன்று மட்டும் கேட்கலாமா? கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தை என்ன விலைக்கு வாங்கினீர்கள்? கண்காட்சியின் கடைசி நாள், நாற்பது வீதக் கழிவு, அப்படித்தானே? துப்பாக்கியையே தொட்டிராத நீங்கள், ஒரு பிரைமரைப் பற்றி இவ்வளவு தூரம் வாசித்துவிட்டு, 'பரவாயில்லை, நல்லாத்தான் எழுதியிருக்கு, எல்லாரும் வாசிக்கவேண்டியது' என்று இப்போது தலையாட்டுகிறீர்களே, அது உண்மையாகவே பிடித்ததாலா?

நான் கேட்டதற்குப் பதில் வேண்டாம். இரவல் கேட்பவரிடம் மட்டும் முழு விலைக்கு வாங்கியதாகச் சொல்லிவிடாதீர்கள்.